சிவப்புப் பாறை மேல் ஐந்தாம் நாள் விரதம்

"இன்றைக்கு இவர் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறார்?"

இதை என்னிடம் கேட்ட அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அடிலெய்டிலிருந்து கணவரோடு நடக்க வந்தவர், தலை முழுக்க நரைத்தவர், ஒரு காலத்தில் ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியாவின் நடுவே, கிங்ஸ் கேன்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஒரு பாறையின் ஒல்லி நிழலில் மண்டியிட்டு, குணவதி ஆன்ட்டியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஆங்கிலத்தில் கேட்டார். அப்போது காலை பத்தரை மணி. ஆன்ட்டியின் முதுகுப்பையில் மூன்று லிட்டர் தண்ணீர் இருந்தது. நிரப்பி வைத்ததே நான்தான். அப்படியிருந்தும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அது ஏன் என்று புரிய வேண்டுமானால் குணவதி ஆன்ட்டி யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். ஆக்லாந்து நகரின் பாபடோயிட்டோய் பகுதியில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பாளர் வேலை. நான் போன வருடம் பள்ளியை முடித்துவிட்டு, மேலே என்ன படிப்பது என்று தெரியாமல், அதே இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தேன். என் பெயர் மஹதி. நாங்கள் சேலத்துக்காரர்கள். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது இங்கே வந்தோம். கேரட்டை வேகவைத்துக் கூழாக்குவது, தேநீர்த் தள்ளுவண்டியை அறை அறையாக உருட்டுவது, இவைதான் என் வேலை. நாள் முழுக்க எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருக்கும். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆன்ட்டியின் வேலை என்னுடையதைப் போல நான்கு மடங்கு. காலை ஆறே முக்காலுக்கு வருவார். மதியத்துக்குள் பதினோரு பேரை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாதவர்களைத் தூக்கும் இயந்திரத்தில் தொங்கவிட்டு மாற்ற வேண்டும். இயந்திரம் பழுதானால் இரண்டு பேர் சேர்ந்து கையால் தூக்குவார்கள். அவருடைய முதுகில் இரண்டு எலும்புகள் நடுவே உள்ள தட்டு தேய்ந்து போயிருந்தது. வலது முழங்கால் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. மாலை நான்கு மணிக்கு அவர் சப்பாத்தைக் கழற்றும்போது பாதத்தின் வடிவம் சப்பாத்தின் வடிவமாகவே இருக்கும்.

அவரோடு நான் சிநேகமானது தண்ணீரால். வயதானவர்கள் தண்ணீர் குடிக்க மறுப்பார்கள். யார் எத்தனை மில்லி குடித்தார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு உண்டு. மற்றவர்கள் கெஞ்சுவார்கள், ஆன்ட்டி கெஞ்ச மாட்டார். கையில் தனக்கும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஒன்றும் சொல்லாமல் தான் ஒரு வாய் குடிப்பார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவரும் தன் கோப்பையைத் தேடுவார்.

"எப்படி ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"தனியக் குடிக்கிறது ஆருக்கும் விருப்பமில்லைப் பிள்ளை. நீயும் கூழைக் கொண்டந்து வைச்சிட்டு ஓடாதை, கொஞ்சம் இருந்து பார்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று அவர் ஹென்டர்சன் வழியாகக் கார் ஓட்டிக்கொண்டு மேற்கு மலைக்காட்டுக்கு நடக்கப் போவார். வேலையில் அவ்வளவு நடந்துவிட்டு மறுபடியும் நடையா என்று எல்லோரும் சிரிப்பார்கள். அவருடைய கணவர் சோதிலிங்கம் அங்கிள் விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுபவர். "நடக்கிறதுக்கு பெட்ரோல் அடிச்சுக்கொண்டு போற ஒரே ஆள் என்ர மனிசிதான்" என்பார். சில செவ்வாய்களில் நானும் போனேன். காட்டுக்குள் நுழையும் இடத்தில் மரங்களுக்கு நோய் பரவாமல் சப்பாத்தின் அடியைத் தூரிகையால் தேய்த்து மருந்தில் நனைக்க வேண்டும். அதற்குப் பிறகு சேறு, வேர், தூறல். திரும்பும்போது காலுறை பிழியப் பிழியத் தண்ணீர் வரும்.

ஒரு நாள் காருக்குள் அமர்ந்து ஈரக் காலுறையைக் கழற்றியபடி அவர் சொன்னார்: "பிள்ளை, எனக்கு ஒரு ஆசை. காய்ஞ்ச இடம் ஒண்டு பாக்கவேணும்."

"காஞ்ச இடமா?"

"ஓம். ஒரு நாளைக்கு எத்தினை தரம் கை கழுவுறன் எண்டு நினைக்கிறாய்? நூறுக்கு மேல. வேலையிலை ஈரம், வெளியில மழை, வீட்டில சுவரெல்லாம் பூஞ்சை. அறைக்கு அறை ஈரம் உறிஞ்சுற மிசின் ஓடுது. இருபத்தி மூண்டு வருசமாய் நான் காயவேயில்லை."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அப்படித்தான் பாலைவனம் வந்தது. இல்லத்தின் ஓய்வறையில் கிடந்த பழைய பத்திரிகையில் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி மலைப் பூங்காக்களின் படங்கள் இருந்தன. சிவந்த மலை, பிளந்த பாறை, மணல் மட்டும் ஓடும் ஆறு. ஆன்ட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தன் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டினார். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீண்ட காலம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அதற்கு முன்பே போக வேண்டும். ஜனவரியிலேயே, அக்டோபரில் வரும் லேபர் டே நீண்ட வார இறுதியை ஒட்டி விடுப்புக் கேட்டு வாங்கி, டிக்கெட்டும் எடுத்துவிட்டார். துணைக்கு யாரும் வரவில்லை. மகன் வசீகரன் மின்வேலை பழகுகிறவன், அவனுக்கு லீவில்லை. அங்கிளுக்கு விருப்பமில்லை. நான் கையைத் தூக்கினேன்.

வீட்டில் அப்பா கேட்டார்: "ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து போயி கல்லைப் பாக்கப் போறியா? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?"

"அந்த ஆன்ட்டி கூடன்னா போகட்டுங்க. பொறுப்பானவங்க" என்றாள் அம்மா.

செப்டம்பரில் கோவிலிலிருந்து வந்த விழாப் பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கந்த சஷ்டி அதே வாரம். விரதத்தின் இரண்டாம் நாள் எங்களுக்கு விமானம். மலையேறும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் நாள்.

இந்த விரதத்தைப் பற்றி ஆன்ட்டி எனக்கு முன்பே சொல்லியிருந்தார். வசீகரன் நடை பழகிக்கொண்டிருந்த வயதில் அவர்களுடைய அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் இருந்ததாம். அந்த வருடம்தான் முதல்முறை ஆறு நாளும் பிடித்தார். விரதம் முடிந்த மறுவாரம் கடிதம் வந்தது. இருக்கலாம் என்று எழுதியிருந்தது. அதிலிருந்து இருபத்தொரு வருடம் ஒரு வருடம்கூட முறியவில்லை. "விசா, வேலை, பிள்ளை, வீடு, எல்லாம் இந்த ஆறு நாளிலைதான் தொங்குது. இதை விட்டால் ஒவ்வொண்டாக் கழலும்" என்றார். அதை அவர் நம்பினார். அது எனக்குத் தெரியும்.

"அப்ப பயணத்தைத் தள்ளிப் போடுவீங்களா ஆன்ட்டி?"

"ரோஸ்டர் போட்டாச்சு, இனி ஆர் மாத்தித் தரப்போகினம்? முழங்காலும் காத்திராது. மலைக்கு விரதத்தோட போறதிலை என்ன பிழை? முருகன் இருக்கிறதே மலையிலைதானே."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அம்மா சஷ்டி விரதம் இருப்பாள். அந்த ஆறு நாளும் அம்மா சோறு சாப்பிட மாட்டாள். காலையில் காபி, பகலில் மோர், ஜூஸ், மாலையில் பழம். விரதம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். ஆன்ட்டி பிடிப்பது வேறு மாதிரி என்று எனக்குத் தெரியாது. காலையிலிருந்து மாலைப் பூசை முடியும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். பூசைக்குப் பிறகு ஒரு கோப்பைப் பாலும் இரண்டு வாழைப்பழமும், அதோடு கொஞ்சம் தண்ணீரும். அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் "சஷ்டி" என்றோம், தலையாட்டிக்கொண்டோம்.

ஆக்லாந்தில் அக்டோபர் குளிர்ந்த, மழை மாதம். அங்கே தண்ணீரில்லாமல் ஒரு பகலைக் கடத்தி, இரவில் வீட்டுக்கு வந்து விழுந்து தூங்கிவிடலாம். இருபத்தொரு வருடமும் அவர் அப்படித்தான் கடத்தியிருந்தார்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விமானத்தின் கதவு திறந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போலிருந்தது. ஆன்ட்டி படியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"நடங்க ஆன்ட்டி."

"பொறு பிள்ளை. காயிறன்."

அன்று மாலை தங்குமிடத்தின் குளியலறையில் ஒரு துவாலையை நனைத்துப் பிழிந்து பால்கனிக் கம்பியில் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இருபது நிமிசம்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பார், பப்படம் மாதிரி நிக்குது." அந்தப் பயணம் முழுவதிலும் நான் பார்த்த அவருடைய மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மேற்கேயுள்ள மலைத்தொடருக்குப் போனோம். காரை அவர்தான் ஓட்டினார். மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் ஒரு இடைவெளியில், பாறைக் குவியலில் சின்னஞ்சிறு வாலபிகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. அவை கங்காருவின் குட்டித் தம்பிகள் மாதிரி. ஆற்றுப்படுகை என்று பலகை சொன்ன இடத்தில் வெள்ளை மணல்தான் கிடந்தது. அதன் நடுவே பால் நிறத் தண்டோடு மரங்கள். ஈ மொய்த்தது. தலைக்கு வலை போட்டுக்கொண்டோம். ஆர்மிஸ்டன் என்ற பள்ளத்தில் செங்குத்துச் சுவருக்குக் கீழே கறுத்த தண்ணீர் தேங்கியிருந்தது. நான் காலை விட்டேன், சில்லென்றது. ஆன்ட்டி தள்ளி நின்றார். "எனக்கு வேண்டாம். நான் ஈரத்துக்கு வரேல்லை."

அன்று மதியமே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காரில் ஏறும்போது கதவைப் பிடித்து ஒரு நொடி நின்றார். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "எனக்குக் காணும், போதும்" என்றார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். களைத்த ஆன்ட்டியைத்தான் நான் எப்போதும் பார்த்திருக்கிறேன். களைக்காத ஆன்ட்டி எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணி நேரம் கார். சாலை ஒரே நேர்க்கோடு. நான் பாட்டுப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார். உதடு வெடித்திருந்தது.

ஞாயிறு காலை எழுந்தவுடன் புறப்பட்டிருக்க வேண்டும். வெயில் முப்பத்தேழைத் தொடும் என்று முன்னறிவிப்பு. அப்படிப்பட்ட நாளில் ஒன்பது மணிக்கு முன்பே விளிம்புப் பாதையில் கால் வைத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு விட மாட்டார்கள். ஆனால் ஆன்ட்டி குளித்து, மின்சாரக் கேத்தலில் கைபேசியைச் சாய்த்து வைத்து, அதில் முருகன் படத்தைப் போட்டு, உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிலின் விளிம்பில் சப்பாத்தோடு காத்திருந்தேன். எழுந்து நடந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

"பிள்ளை, நீ அங்கையும் இஞ்சையும் நடக்க முருகனுக்கே தலை சுத்தும்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

பாதையின் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது எட்டு நாற்பது. ஒவ்வொருவரும் மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும் என்று பலகை இருந்தது. எடுத்திருந்தோம். அது பழங்குடி மக்களின் புனித நிலம், பாதையைவிட்டு விலகக் கூடாது என்றும் எழுதியிருந்தது. ஆன்ட்டி அந்தப் பலகைக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஆரம்பமே ஏற்றம். பாறையில் வெட்டிய ஐந்நூறு படிகள் இருக்கலாம். முழங்காலை ஒரு கையால் அழுத்தி அழுத்தி அவர் ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். நான் முன்னால் ஓடுவேன், திரும்பி வருவேன், மறுபடி ஓடுவேன். மேலே போனதும் அவர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். எதிர்ச்சுவர் முழுக்கச் சிவப்பு. கத்தியால் சீவியது போல நேராக இறங்கியது. அடியில் பச்சையாக ஒரு கோடு, மரங்கள்.

"எப்படி இருக்கு ஆன்ட்டி?"

"காய்ஞ்சு கிடக்கு" என்றார். குரல் சின்னதாக இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்னும் அரை மணி நேரம் நடந்திருப்போம். பாறைகள் குவிந்து குவிந்து, பெரிய பெரிய இட்லிகளைக் கவிழ்த்து வைத்தது போலிருந்த இடம். நான் முன்னால் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஆன்ட்டி பாதையின் நடுவே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த விதம் சரியில்லை. கால்கள் நேராக நீண்டிருந்தன, கைகள் மடியில் மேல்நோக்கிக் கிடந்தன. ஓடினேன். முகம் சிவந்திருந்தது, ஆனால் ஒரு துளி வியர்வை இல்லை.

"ஆறாம் நம்பர் அறைக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?" என்று கேட்டார்.

அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஆன்ட்டி, நாம வேலைல இல்ல. மலைல இருக்கோம்."

"ஓமோம்... தெரியும்" என்றார். தெரிந்தது போல இல்லை.

அப்போதுதான் பின்னால் அந்த அடிலெய்டு தம்பதி வந்தார்கள். மூன்று பேருமாக ஆன்ட்டியை நிழலுக்கு நகர்த்தினோம். அந்த அம்மா நாடியைப் பார்த்தார். ஆன்ட்டியின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கூடாரம் போல நின்றது, உடனே இறங்கவில்லை. ஆன்ட்டி தினமும் காலை எங்கள் இல்லத்தில் கிழவர்களுக்குச் செய்யும் அதே சோதனை. பிறகுதான் அந்த அம்மா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் ஆன்ட்டியின் பையைத் தூக்கினேன். காலையில் எவ்வளவு கனமாக இருந்ததோ அவ்வளவு கனம். மூடியைத் திறந்தேன். விளிம்புவரை தண்ணீர்.

"விரதம் இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். ஆனால் என் அம்மா காபி குடிக்கிறாளே. எதைச் சொல்வது? "ஆன்ட்டி, தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களா?" என்று தமிழில் கத்தினேன்.

"பின்னேரம் பூசை முடிய" என்றார்.

"நேத்து?"

"பின்னேரம்."

"அதுக்கு முன்னாடி நாள்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கழுத்துத் துணியை நனைத்து ஆன்ட்டியின் தலையில் போட்டார், கோப்பையில் உப்புத்தூள் கரைத்து நீட்டினார். ஆன்ட்டி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. என் போத்தலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு வாய் குடித்தேன்.

ஆன்ட்டி என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். "என்னட்டையே என்ர வித்தையைக் காட்டுறியோ?"

"ஆன்ட்டி, ப்ளீஸ்."

"இன்னும் ஒரு நாள்தான் பிள்ளை. இருபத்தொரு வருசம். இண்டைக்கும் நாளைக்கும். உனக்கு விளங்காது."

"செத்துப் போயிடுவீங்க!"

"அப்பிடி ஒண்டும் நடக்காது. கொஞ்சம் இருந்திட்டு எழும்பிறன்."

எழும்ப முயன்றார், முடியவில்லை. நான் அழுதுவிட்டேன். அந்த அம்மாவின் கணவர் தொப்பியைக் கழற்றிக் காற்று வீசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஆன்ட்டியிடமே நேராக, நிதானமாகப் பேசினார்: உங்களால் நடக்க முடியாவிட்டால் முன்னால் இருக்கும் அவசர ரேடியோவில் கூப்பிட வேண்டும். பூங்காக் காவலர்கள் ஸ்ட்ரெச்சர் கொண்டு வருவார்கள். இந்த வெயிலில், அந்தப் படிகளில், ஆறேழு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.

ஸ்ட்ரெச்சர் என்ற சொல்லுக்கு ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். "தூக்கிறதோ? என்னையோ?"

"ஆமா ஆன்ட்டி."

"எழுபத்தி நாலு கிலோ. இந்தப் படியிலையோ?" அவர் என்னைப் பார்க்கவில்லை. மனத்துக்குள் யாரோ ஒருவருடைய முதுகைப் பார்ப்பது போலிருந்தது. "ஆரோ பெத்த பிள்ளையள். ஒருத்தன்ர முதுகு போனால் பிறகு வராது, தெரியுமோ? எனக்கு வரேல்லை. நான் ஆரின்ர முதுகையும் உடைக்கமாட்டன்."

பிறகு எதிரிலிருந்த சிவப்புச் சுவரைப் பார்த்து, யாரிடமோ சொல்வது போல, "குறை நினையாதை அப்பா" என்றார். கோப்பையை வாங்கினார். முதல் வாயை வாயிலேயே நீண்ட நேரம் வைத்திருந்தார். தொண்டை அசைந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. வருவதற்கு அவர் உடம்பில் இருக்கவில்லை.

மூன்றாவது கோப்பைக்குப் பிறகு, "எழுது" என்றார்.

"என்னது ஆன்ட்டி?"

"இருநூற்றைம்பது மில்லி. சீட்டிலை எழுது."

நான் பயந்துவிட்டேன், மறுபடியும் வேலையில் இருப்பதாக நினைக்கிறாரோ என்று. அவர் உதட்டோரத்தில் மெல்லச் சிரிப்பு இருந்தது. விளையாட்டுதான்.

ஒன்றே கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். நிழல் குறையக் குறைய அவரை நகர்த்தினோம். பிறகு வந்த வழியே இறங்கினோம், ஒவ்வொரு நிழலிலும் நின்று, ஒவ்வொரு படியிலும் அவர் என் தோளைப் பிடித்து. அந்தத் தம்பதி தங்கள் நடையை விட்டுவிட்டு எங்களோடே வந்தார்கள். பாதையின் நடுவில் பனைகளும் குளமும் உள்ள ஒரு தோட்டம் இருக்கிறதாம், எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வருவார்களாம். நாங்கள் பார்க்கவில்லை. ஆன்ட்டி ஜனவரியிலிருந்து காத்திருந்தது அந்த முழு வட்டத்துக்காக. கார் நிற்கும் இடத்துக்கு வந்தபோது அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மருத்துவ நிலையத்தில் ஒரு நர்ஸ் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து, மாலைவரை வைத்திருந்து அனுப்பினார். இரவு தங்குமிடத்தின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். ஆன்ட்டி முதலில் செய்தது வீட்டுக்குப் போன் போட்டதுதான். நடந்ததைச் சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டுமில்லை. குளியலறைக் குழாய்தான் ஒழுகுது" என்றார் சோதிலிங்கம் அங்கிள்.

ஆன்ட்டி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்ப தொடக்கம்? இண்டைக்கோ?"

"இண்டைக்கோ? ஆடி மாதம் தொடக்கம் ஒழுகுது. நீதானே அதுக்குக் கீழ வாளி வைச்சனீ!"

ஆன்ட்டி மூச்சை விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் என் அம்மாவுக்குப் போன் செய்தேன், ஒலிபெருக்கியில் போட்டேன். அம்மா பதறினாள். பிறகு, "தண்ணி குடிச்சா விரதம் முறிஞ்சுடும்னு யாரு சொன்னது? நான் ரெண்டு வேளை காபி குடிக்கிறேனே!" என்றாள்.

போனை வைத்த பிறகு ஆன்ட்டி சொன்னார்: "உங்கட அம்மா நல்ல மனிசி. ஆனால் அது விரதமில்லைப் பிள்ளை, அது டயட்."

காற்று நின்றிருந்தது. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, இருட்டாக இருந்தது. ஒருமுறை மட்டும், "இருபத்தொண்டு" என்றார். மறுநாள் ஆறாம் நாள், சூரசம்ஹாரம். திரும்பும் வழியில் முதல் பெட்ரோல் நிலையத்தில் அவரே இறங்கிப் போய் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கினார். காரில் உட்கார்ந்து, என் பக்கம் பார்க்காமல் குடித்தார். நானும் எதுவும் கேட்காமல் என்னுடையதைக் குடித்தேன்.

ஆக்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்தது. புதன்கிழமை ஆறே முக்காலுக்கு அவர் வேலையில் நின்றார். எட்டு மணிக்கு முதல் கிழவரைத் தூக்கிவிட்டார்.

கோவிலில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். அப்படியே இரண்டு வாரம் போனது. பிறகு ஒரு நாள் ஓய்வறையில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி, பக்கத்து அறையில் வேலை செய்யும் குஜராத்திப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் ஏதோ விரதத்தில் பகல் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்து, தூக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். "நான் எல்லாருக்கும் முன்னாலை அவளை ஏசிப்போட்டன். ஏசிப்போட்டு, எனக்கு வெக்கமாப் போச்சு."

"ஆன்ட்டி, நான் நம்ம கதைய எழுதட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

யோசித்தார். "எழுது. பேரும் போடு. ஆனால் என்னை விசரி, பைத்தியக்காரி மாதிரி எழுதாதை. இருபத்தொரு வருசம் பிடிச்சனான் எண்டும் எழுது. அது சும்மா இல்லை."

"அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த வருசம் வரட்டும்." ஏதோ ஒரு அறையில் மணி அடித்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அது எனக்கும் முருகனுக்கும் உள்ள கதை. நீ இதை மட்டும் எழுது."

அதனால் எழுதினேன். விரதம் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு வயதும் இல்லை, அறிவும் இல்லை. அவர் சொல்லியிருக்கலாம், நான் கேட்டிருக்கலாம். இரண்டு வீட்டிலும் விரதத்துக்கு ஒரே பெயர் இருந்ததால் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் விரதம் பிடிக்கும் ஒருவர் வெயிலில் நிற்கப் போகிறார், மலை ஏறப் போகிறார், அல்லது நாள் முழுக்கப் பாரம் தூக்கும் வேலைக்குப் போகிறார் என்றால், தயவுசெய்து இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாயால் சொல்லுங்கள். கூடப் போகிறவர்களுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள். குணவதி ஆன்ட்டியின் பெயரை மாற்றாமல் சொல்லுங்கள். அவர் அதற்குச் சம்மதித்திருக்கிறார்.